செத்தவருக்கு எத்தனை வருஷம் வாடகை?

சும்மா கிடைப்பதெல்லாம் திருட்டுச் சொத்து என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். இணையத்தில் சங்கீதம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால், "எவன் வயிற்றில் அடித்ததோ!" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் மொண்டுகொண்டு போகிறவனை யாராவது அப்படிக் கேட்கிறார்களா? பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன சங்கீதமும் ஆற்றுத் தண்ணீர்தான். சட்டமே அப்படித்தான் சொல்லுகிறது. ஆனால் படித்துறையில் வேலி போட ஆள் வந்துகொண்டேயிருக்கிறது. என் ஆத்திரமெல்லாம் அந்த வேலிக்காரர்கள் மீதுதான்.

மேல்நாட்டுச் சங்கீதத்துக்கென்று 'ஐ.எம்.எஸ்.எல்.பி.' என்னும் நூலகம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. நம் வித்வான்கள் குருமுகமாகப் பாடம் கேட்டவர்கள். அங்கேயோ எழுதி வைத்த இசைக்குறிப்பு இல்லாவிட்டால் பீத்தோவனும் இல்லை, மொஸார்ட்டும் இல்லை. உரிமை தீர்ந்த பழைய பதிப்புகளைத் தொண்டர்கள் படமெடுத்து ஏற்றி வைக்கிறார்கள். கேட்டவருக்கெல்லாம் நூலகம் இனாமாகக் கொடுக்கிறது. எட்வர்ட் குவோ என்ற சங்கீத மாணவர் 2006-ல் தொடங்கிய காரியம் இது. அடுத்த வருஷம் அக்டோபரிலேயே, வியன்னாவிலுள்ள யுனிவர்சல் எடிஷன் என்ற பிரசுராலயத்தின் சார்பில் வக்கீல் கடிதம் வந்துவிட்டது.

விவகாரம் இதுதான். நூலகம் கானடா நாட்டுச் சட்டத்தை நம்பி நடந்தது. அங்கே அப்போது ஆசிரியர் இறந்து 50 வருஷம் வரைதான் உரிமை; ஐரோப்பாவில் 70. 1945-ல் இறந்த பார்டாக்கின் சங்கீதம் கானடாவில் 1996 முதல் பொதுச் சொத்து. ஐரோப்பாவில் 2015 முடிகிறவரை தனிச் சொத்து! கானடாவில் நியாயமாகச் செய்யும் காரியத்துக்கு வியன்னாவிலிருந்து அதட்டல். குவோ நூலகத்தை முழுவதுமாக மூடிவிட்டார். எந்த நீதிபதியும் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவில்லை. கோர்ட்டு வாசலை மிதிக்கவே பணம் வேண்டுமே; ஒரு மாணவரிடம் அது ஏது? 2008 ஜூன் 30-ல்தான் மறுபடி கதவு திறந்தது.

2011-ல் இன்னொரு கூத்து. ரக்மானினோவின் 'மணிகள்' கானடாவிலும் அமெரிக்காவிலும் உரிமை தீர்ந்த படைப்பு. அதைக் காட்டி, பிரிட்டிஷ் இசைப் பதிப்பாளர் சங்கத்தார் நூலகத்தின் இணைய முகவரியைப் பதிவு செய்திருந்த கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். புகார் ஒரு புத்தகத்தின் மேல். கதவடைப்போ நூலகம் முழுவதற்கும்! பிறகு வாபஸ் வாங்கினார்கள். இப்படிப்பட்ட புகாருக்கு அபராதம் என்று ஒன்று இருந்தால் எழுதுகிற கை கொஞ்சம் யோசிக்கும்.

நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான். ராயல்டி வரும் தேதியை வீட்டில் எல்லோருமே மனப்பாடமாக வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும்வரை என் எழுத்துக்குக் கூலி கொடுங்கள். நான் போன பிறகு என் மனைவியும் குழந்தைகளும் தலையெடுக்கிறவரை கொடுங்கள், கோடிப் புண்ணியம். ஆனால் எழுபது வருஷமா? அதற்குள் என் பேரனே கிழவனாகிவிடுவான். அவன் பெயரைச் சொல்லிப் பிரசுரகர்த்தர் அல்லவா சாப்பிடுகிறார்?

இந்த நூலகங்களுக்குப் பெரிய ஆபத்து வக்கீல் கடிதம்கூட அல்ல. கடிதத்துக்குப் பதில் எழுதலாம். சட்டமே நகர்ந்துவிட்டால் என்ன எழுதுவது? அமெரிக்காவோடும் மெக்சிகோவோடும் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தத்துக்காக, கானடாவும் 2022 டிசம்பர் 30 முதல் 70 வருஷம் என்று ஆக்கிவிட்டது. 1971-ல் இறந்த ஸ்ட்ராவின்ஸ்கி அதற்கு முன்பே தப்பித்துக் கரையேறிவிட்டார். 1975-ல் இறந்த ஷோஸ்டகோவிச் அங்கே 2026 ஜனவரியில் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும், இனி 2046-ல்தான். செத்துப்போன மனிதர் இருபது வருஷம் அதிகமாகக் கிடைக்கிறது என்று புதிதாக ஒரு ஸிம்பனி எழுதிக் கொடுக்கப் போகிறாரா?

நம் தேசமும் சளைத்ததல்ல. தாகூரின் பாட்டுக்கும் கவிதைக்கும் உரிமை 1991-ஓடு தீர வேண்டியிருந்தது. விசுவபாரதியின் கையை விட்டுப் போகக் கூடாதென்று 50 வருஷச் சட்டத்தை 60 ஆக்கினோம். பாரதி விஷயத்தில் நமக்குப் புத்தி நேராக இருந்தது. 1949-ல் சென்னை அரசாங்கம் அவர் எழுத்தின் உரிமையை ஏற்றது. பாடல்களின் இசைத்தட்டு உரிமையைக் கையில் வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அதனால் எந்தப் பதிப்பாளர் பட்டினி கிடந்தார்?

வாசிக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நடத்துகிற செலவுக்காக அந்த நூலகம் சந்தா வைத்தது. கட்டாதவர்கள் ஒரு புத்தகத்துக்குச் சில விநாடி காத்திருந்தால் போதும், அப்போதும் இனாம்தான். அதற்கே, "இது என்ன இலவசம்?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஸ்ட்ராவின்ஸ்கி ஐம்பது வருஷம் காத்திருந்தார், ஐயா! உங்களால் அரை நிமிஷம் முடியவில்லையா?