பழைய படம் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சூரிய கிரகணம் என்றால் பழைய ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடாத சிறுவர் நம் பக்கம் உண்டோ? 2019 டிசம்பர் 26 அன்று நானும் ஓடினேன். அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பதை அன்று அறியேன். படம் என் பெரியப்பாவுடையது. மூளைக்கட்டிக்கு அறுவை செய்துகொண்டு, ஆறு வாரக் கதிர்வீச்சும் முடித்து வீடு திரும்பியிருந்தார் அவர். படம் பல கை மாறித் தெருவிலேயே தொலைந்தது.

அடுத்த மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், கட்டி இருந்த இடத்தில் வெண்மையாக ஒரு திட்டு. "கதிர்வீச்சு முடிந்ததும் எடுத்த படம் எங்கே?" என்றார் மருத்துவர். அது வேறோர் ஊரில் எடுத்தது, மறுபிரதி இல்லை. விடை தெரிந்தவன் நான் ஒருவனே, வாய் திறக்கவில்லை.

வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவனும் நான்தான். அறிக்கையில் 'ரெக்கரன்ஸ்', 'நெக்ரோசிஸ்' என இரண்டு சொற்கள், நடுவே ஒரு சாய்கோடு. முதலாவது, கட்டி திரும்பிவிட்டது என்பது. இரண்டாவது, கதிர்வீச்சால் திசு மடிந்தது என்பது. அந்தச் சாய்கோட்டில் ஒரு குடும்பமே தொங்கிற்று.

இந்த ஐயம் ஏன் எழுகிறது? கதிர்வீச்சு, கட்டியின் உயிரணுக்களை அழிப்பதோடு அருகிலுள்ள இரத்தக் குழாய்களையும் புண்படுத்துகிறது. குழாய் கசிய, ஊசி வழியே செலுத்திய காடோலினியம் அங்கே தேங்கி வெண்மையாகத் தெரிகிறது. மீண்டும் வளரும் கட்டியிலும் அதே கசிவு, அதே வெண்மை! தோற்றம் ஒன்று, சிகிச்சையோ வேறு. ஒன்றுக்கு மறு அறுவையோ புது மருந்தோ தேவைப்படலாம். மற்றொன்றுக்குப் பெரும்பாலும் வீக்கம் தணிக்கும் மாத்திரையும் பொறுமையுமே போதும்.

பிரித்தறிய வழிகள் உண்டு. இரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையில், வளரும் கட்டியில் இரத்த அளவு பொதுவாக மிகுந்தும், கதிர்ப்புண்ணில் குறைந்தும் காணும். பெட் ஸ்கேனில் சர்க்கரையைவிட அமினோ அமிலம் நன்கு காட்டிக்கொடுக்கும். நலமான மூளையே சர்க்கரையை நிறைய உண்பதால் கட்டி அதில் மறைந்துவிடும். ஆயினும் எதுவும் முற்றிலும் பிழையற்றதன்று.

இத்துறையில் நமக்கும் பங்குண்டு. 1971-ல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியிருந்த ஜி.என். இராமச்சந்திரன், லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை விரைந்து கணக்கிடும் முறையை வெளியிட்டார்.

புதுக் கருவிகள் வந்தால் எல்லாம் சரியாகும் என்பார் சிலர். வரட்டும், வேண்டும். ஆனால் எந்தக் கருவியும் நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடாமல் முழு உண்மை பேசாது. ஆகவே, நோயாளியின் படங்களை எந்த அரசு மருத்துவமனையிலும் திறந்து பார்க்க வழி வேண்டும். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில் வாழும் நமக்கு, அறிக்கையில் இரண்டு வரியேனும் தமிழில் வேண்டாமா? நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில், "படங்களைப் பத்திரப்படுத்துங்கள்" என்று வீடு வீடாகச் சொல்வது நம் கடமை.

2020 மார்ச் தொடக்கத்தில் மறுபடியும் படம் எடுத்தார்கள். திட்டு சுருங்கியிருந்தது. கட்டியன்று, கதிர்ப்புண்ணே! பழைய படம் இருந்திருந்தால் பெரியம்மாவின் உறக்கமற்ற அந்த இரவுகளில் சிலவேனும் குறைந்திருக்கும். இன்று அவர் படங்களெல்லாம் என் பெட்டியில், தேதி வாரியாக. தொலைத்தவன் நான் என்பதைப் பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இம்மலர் கைக்கு வந்ததும் படித்துக் காட்டுவேன்.