பட்டியலில் பெயர் இல்லை எண்டு சொல்ல முதல்

போன வருசம் ஒரு கல்வி உதவிக்காக வந்த விண்ணப்பங்களை நாங்கள்தான் தட்டச்சு செய்தோம். நாலு பேர், நாலு மடிக்கணினி, இருநூறு சொச்சம் பெயர்கள். ஒரு அம்மா போன் எடுத்து, "தம்பி, பிள்ளையின்ர பேர் இருக்கோ எண்டு ஒருக்கா பாருங்கோ" எண்டு கேட்டா. பைதனில் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லையம்மா" எண்டோம்.

பெயர் இருந்தது. ரெண்டு நாள் கழிச்சு அச்செடுத்த தாளில் கண்ணால் கண்டோம். 'கௌ'வில் தொடங்குகிற பெயர். தட்டச்சு செய்தவர் 'க'வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' அடிச்சிருந்தார்: 'கெள'. திரையில் ரெண்டும் ஒண்டுதான், பைதனுக்கு வேற வேற. பிழை பைதனுடையது இல்லை, எங்களுடையது.

பைதன் வகுப்புகளில் இந்தப் பாடம் பத்து நிமிசத்தில் முடிஞ்சுபோகும். ஒரு சொல்லுக்குள் ஒரு எழுத்து இருக்கோ எண்டு 'இன்' என்ற சொல்லால் கேட்கலாம். முதல் தடுக்கல் அங்கேயே இருக்கு. 'ழ' பட்டியலில் இருக்கோ எண்டு நேரே கேட்டால், யாழ்ப்பாணம் உள்ளே இருந்தாலும் 'இல்லை' எண்டுதான் வரும். பட்டியலைக் கேட்கும்போது அது முழு உறுப்பும் 'ழ'வுக்குச் சமமோ எண்டுதான் பார்க்கும். ஒவ்வொரு சொல்லாகப் போய்க் கேட்கவேணும். ஒண்டாவது இருக்கோ எண்டு மட்டும் தெரிய 'எனி' போதும், முதலாவது அகப்பட்டதும் நிண்டுவிடும். எவை எவை எண்டு தெரிய வேணுமெண்டால் பொருந்துகிறவற்றை வேறொரு பட்டியலாக எடுக்கவேணும்.

இவ்வளவும் ஆப்பிள், வாழைப்பழம் எண்டு ஆங்கிலத்தில் எழுதிப் படிப்பித்தால் சரியாக வேலை செய்யும். எங்கட சண்டையே அதோடதான். தமிழில் படிப்பிக்கிற வகுப்பில்கூட உதாரணச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தால், பிள்ளை வீட்டுக்குப் போய்த் தமிழ்ப் பெயர்களைக் கையாளும்போதுதான் குழியில் விழும்.

யாழ்ப்பாணம் எத்தினை எழுத்து? முதலாம் வகுப்புப் பிள்ளையும் ஆறு எண்டு சொல்லும். பைதன் 11 எண்டு சொல்லும். யூனிகோட்டில் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அதனால்தான் 'அம்மா'வில் 'ம' இருக்கோ எண்டு கேட்டால் 'ஓம்' எண்டு வரும், அதில் இருப்பது 'ம்'மும் 'மா'வும்தான் எண்டாலும். எழுத்தாகவே தேடவேணுமெண்டால் ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் கொண்டு முதலில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

'கொ'வுக்கு இன்னொரு சிக்கல். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு வேற கால் வேற எண்டும் சேமிக்கலாம். கொக்குவில் ஒரு விதமாகவும் கொடிகாமம் மற்ற விதமாகவும் கிடந்தால் தேடலில் ஒண்டுதான் வரும். இதுக்கு மருந்து சுலபம்: பைதனோடு வருகிற 'யூனிகோட்டேட்டா'வில் இருக்கிற 'நார்மலைஸ்'. 'என்எஃப்சி' எண்டு சொல்லி, தேடுகிற சொல்லையும் பட்டியலையும் ரெண்டையும் அதுக்குள்ளால எடுக்கவேணும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பிரயோசனமில்லை.

ஆனால் 'கௌ'வை அது திருத்தாது. 'ள' உண்மையான எழுத்து, அதை நார்மலைஸ் தொடாது. 'ெள' வருகிற இடமெல்லாம் 'ௌ' ஆக்கினால் 'வெளி' நாசமாகும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்: தேடலுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்து, அதில் எல்லா 'ௌ'வையும் கொம்பும் 'ள'வுமாக உடைத்தோம். மூலப் பட்டியலைத் தொடவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டெடுத்த கோப்பில் 'வௌ்ளவத்தை' எண்டு பிழையாகக் கிடந்தவையும் இதோட அகப்பட்டன.

அந்த அம்மாவுக்குத் திரும்ப எடுத்துச் சொன்னோம். "நான் நேரில வந்து தந்தனான் தானே" எண்டா. அதுக்குப் பிறகு எங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறம்: தேடலில் வராத பெயரை ஒருவர் தாளிலும் பார்த்த பிறகுதான் 'இல்லை' எண்டு சொல்லலாம்.

பழைய விண்ணப்பங்கள் இன்னும் பாமினியில் கிடக்கு. பைதன் அதைத் திறந்தால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, வெறும் ஆங்கில எழுத்தும் குறியும்தான். அதை மாற்றுற வேலைக்கு ரெண்டு பேர் தேவை, பொறுமை உள்ளவர்கள் வாங்கோ.