ஞாயிற்றுக்கிழமையும் பாடசாலை நடத்திய எங்கள் சேர்வர்

கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலையில் கணினிப் பொறுப்பு வைத்திருக்கும் ஆசிரியர்களும் அதிபர்மாரும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் பெற்றோர் என்ற வகையில் வாசிக்கலாம். இது உங்கள் பிள்ளைகளின் விடயம்தான்.

ஒரு நாள் இடைவேளை நேரம், தரம் 8 மாணவன் ஒருவனின் உம்மா கையில் கடிதத்துடன் வந்தார். நாங்கள் அனுப்பிய கடிதம்தான். மகன் மூன்று திங்கட்கிழமைகள் காரணம் அறிவிக்காமல் பாடசாலைக்கு வரவில்லை என்று அதில் இருந்தது.

"சேர், திங்கக்கிழம எல்லாம் அவன் வந்த தானே. செவ்வாய்க்கிழமதான் கிளினிக். ஒவ்வொரு முறையும் லெட்டர் எழுதித் தந்து விட்ட" என்றார். கிளினிக் கொப்பியையும் கொண்டு வந்திருந்தார். அதைக் காட்டும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

வகுப்பாசிரியரின் வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தோம். அந்தத் தாய் சொன்னது சரி. திங்களில் பிள்ளை இருக்கிறான், செவ்வாயில் இல்லை. இடாப்பில் பிழை இல்லை என்றால் பிழை எங்கே? நாங்கள் பெருமையோடு அமைத்து வைத்திருந்த பகுப்பாய்வு சேர்வரில்.

அன்றைக்குத்தான் முதன்முறையாக நாள்வாரி அறிக்கையைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நிறைந்து வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒருவரும் இல்லை. எல்லா நாளும் ஒரு நாள் முன்னால் நகர்ந்து நிற்கிறது.

சேர்வரை அமைத்தவன் நான். மென்பொருளின் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. கேட்ட கேள்விகளை வாசிக்காமல் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்திக்கொண்டு போனவன் நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பாவிப்பது மெட்டாபேஸ் என்ற மென்பொருள். இலவசப் பதிப்பு உண்டு. புள்ளிகளும் வரவும் இருக்கும் தரவுத்தளத்தோடு இணைத்தால் அட்டவணை, வரைபடம் எல்லாம் தரும். நல்ல கருவி. ஆனால் அதை அமைக்கும்போது மூன்று இடங்களில் நாம் நின்று யோசிக்க வேண்டும்: தரவுத்தளம், போர்ட், அறிக்கை. மூன்றையும் "ஐ.சி.டி. சேர் பார்த்துக்கொள்வார்" என்று விடுவது பிழை என்பதுதான் என் கருத்து.

முதலாவது தரவுத்தளம். மெட்டாபேஸுக்கு இரண்டு வகைத் தரவுத்தளங்கள் சம்பந்தப்படுகின்றன. ஒன்று, நாம் ஆராயும் புள்ளிகளும் வரவும் உள்ளது. மற்றது, மெட்டாபேஸ் தன் சொந்த விபரங்களை வைத்துக்கொள்வது: யார் யாருக்குக் கணக்கு உண்டு, என்னென்ன அறிக்கைகள் செய்தோம் என்பவை. இந்த இரண்டாவதற்கு நாம் எதையும் சொல்லாவிட்டால் அது எச்2 என்ற சிறிய கோப்புத் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்ளும். முயற்சி செய்து பார்க்கத்தான் அது, நிரந்தரப் பாவனைக்கு வேண்டாம் என்று மெட்டாபேஸின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். நான் வாசிக்கவில்லை. டொக்கரில் ஓடவிட்டேன். அந்தக் கோப்பு கொன்டெய்னருக்கு உள்ளேயே கிடந்தது. புதிய பதிப்புக்கு மாறுவதற்காகப் பழைய கொன்டெய்னரை அழித்தேன். கோப்பும் சேர்ந்து போனது. பிள்ளைகளின் புள்ளிகள் தப்பின, ஏனென்றால் அவை வேறு தரவுத்தளத்தில். ஆனால் ஆசிரியர்கள் பல மாதம் உட்கார்ந்து செய்த அறிக்கைகள் அத்தனையும் ஒரு கட்டளையில் இல்லாமல் போயின.

இப்போது அந்த விபரங்களை போஸ்ட்கிரஸில் வைத்திருக்கிறோம். தினமும் ஒரு பிரதி வேறு கணினிக்குப் போகிறது. எச்2-இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம், இருப்பதை அப்படியே மாற்றித் தரும் கட்டளை மெட்டாபேஸிலேயே உண்டு. இன்னொன்று: புள்ளிகள் உள்ள தரவுத்தளத்தோடு இணைக்கும்போது வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கைக் கொடுங்கள். அறிக்கை பார்க்கப் போகிறவருக்குப் புள்ளியைத் திருத்தும் அதிகாரம் எதற்கு?

இரண்டாவது போர்ட். மெட்டாபேஸ் வழமையாக 3000ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரஸ் 5432, மைஎஸ்கியூஎல் 3306. ஓர் ஆசிரியர் "வீட்டிலிருந்தும் பார்க்க முடிந்தால் நல்லம் சேர்" என்றார். நியாயமான ஆசை. நான் இரண்டு போர்ட்டுகளையும் இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்ட் இருக்கிறது தானே என்று நினைத்தேன்.

பாஸ்வேர்ட் எப்போதும் காப்பாற்றாது. 2023 ஜூலையில் மெட்டாபேஸில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. லொகின் செய்யாமலேயே வெளியாள் ஒருவர் சேர்வரில் தான் விரும்பிய கட்டளையை ஓடவிட முடியும் என்ற அளவுக்குப் பாரதூரமானது. திருத்திய பதிப்பை உடனே வெளியிட்டார்கள். ஆனால் பதிப்பை மாற்றாமல், போர்ட்டையும் திறந்து வைத்திருந்தவர்களின் நிலை? போர்ட் இலக்கத்தை 3000இலிருந்து வேறொன்றுக்கு மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கதவின் நிறத்தை மாற்றுவது போன்றது. திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடி இன்டர்நெட் முழுவதையும் இரவு பகலாகத் துழாவும் கருவிகள் இருக்கின்றன.

டொக்கர் பாவிப்பவர்கள் மேலும் கவனம். போர்ட்டை டொக்கர் வழியாக வெளிவிட்டால், உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற காவலில் நீங்கள் போட்ட தடையை அது தாண்டிப் போய்விடும். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதினால் அந்தக் கணினிக்குள் மட்டும் நிற்கும். வீட்டிலிருந்து பார்க்க வேண்டியவர்களுக்கு வீபிஎன் கொடுங்கள். தரவுத்தளத்தின் போர்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீர்கள்.

மூன்றாவது அறிக்கை. அந்தத் தாயை அலைய வைத்தது இதுதான். வரவு பதியும்போது நாம் திகதியை மட்டும் கொடுக்கிறோம். எங்கள் பதிவு முறை அதை அன்றைய நள்ளிரவு 12.00 என்று எழுதிக்கொண்டது. நமது நள்ளிரவு 12.00 என்பது யூடிசி நேரத்தில் முதல் நாள் மாலை 6.30. சேர்வர் யூடிசி நேரத்தில் ஓடியது. ஆகவே செவ்வாய் திங்களானது, திங்கள் ஞாயிறானது. வாரவாரி அறிக்கையில் மட்டும் பிழை தெரியவில்லை, ஏனென்றால் மெட்டாபேஸில் வாரம் வழமையாக ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. ஐந்து நாளும் அதே வாரத்துக்குள் அடங்கிவிட்டன. கூட்டுத்தொகை சரியாக வந்ததால் நாங்கள் அத்தனை மாதமும் நிம்மதியாக இருந்தோம்.

திருத்தம் ஒரே ஒரு செட்டிங். அறிக்கைக்கான நேர வலயத்தை "ஆசியா/கொழும்பு" என்று தெரிவு செய்ய வேண்டும். 5.30 என்று எண்ணைப் போடுவதை விட ஊர்ப்பெயரைத் தெரிவு செய்வதே சரி. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், 1996இல் மே மாதம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. அந்த வரலாறு ஊர்ப்பெயருக்குள் இருக்கிறது, எண்ணுக்குள் இல்லை.

ஆனால் எந்த மென்பொருளும் தானாக அறியாத விடயங்களும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பு மாதத்தை ஒட்டி அமைகிறது. நோன்பு ஒவ்வொரு வருடமும் 10, 11 நாட்கள் முன்னால் வருகிறது. சென்ற வருடத்தின் ஒரு மாதத்தையும் இந்த வருடத்தின் அதே மாதத்தையும் பக்கத்தில் வைத்து "வரவு வீழ்ச்சி" என்று வரைபடம் காட்டினால் அது பொய். பாடசாலை நடந்த நாட்களால் வகுக்க வேண்டும், நாட்காட்டி நாட்களால் அல்ல. இதை ஐ.சி.டி. தெரிந்தவரை விட, இடாப்பு அடையாளமிடும் வகுப்பாசிரியர்தான் நன்றாகச் சொல்வார்.

அடுத்தது, அறிக்கையை யார் பார்ப்பது? லொகின் இல்லாமல் திறக்கும் பொது இணைப்பை மெட்டாபேஸில் உருவாக்கலாம். அந்த இணைப்பு ஒரு வட்ஸ்அப் குழுவுக்குப் போனால் ஊருக்கே போனது மாதிரி. பெயரோடு புள்ளி இருக்கும் எந்த அறிக்கைக்கும் பொது இணைப்பு வேண்டாம். கணிதத்தில் 18 புள்ளி எடுத்த பிள்ளைக்கும் மானம் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் புள்ளி நம்மிடம் உள்ள அமானிதம்தான்.

"இந்த வம்பெல்லாம் எதற்கு சேர், இடாப்பும் பேனையும் போதாதா?" என்று என் மூத்த சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம். அன்று அந்தத் தாயைக் காப்பாற்றியது இடாப்புதான். அதனால் இடாப்பை நாங்கள் கைவிடவில்லை. ஆனால் மூன்று முறை ஒரே கிழமையில் வராத பிள்ளையை நூற்றுக்கணக்கான பெயர்களுக்குள் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். சேர்வர் அதைக் காட்டியது. நாளைத்தான் பிழையாகச் சொன்னது. கடிதம் அனுப்பும் முன் இடாப்போடு ஒப்பிட்டிருந்தால் அந்தத் தாய் வந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் அதிபரின் மேசையில் ஒரு பக்கத் தாள் இருக்கிறது. தரவு எங்கே இருக்கிறது, பிரதி எங்கே போகிறது, எந்தப் போர்ட் யாருக்குத் திறந்திருக்கிறது, நேர வலயம் என்ன, பெயருடன் கூடிய அறிக்கையை யார் பார்க்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆசிரியர் கூட்டத்தில் பேசி, எல்லோரும் விளங்கி எழுதியது. நான் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்தவருக்கு அது போதும்.

உங்கள் பாடசாலையிலும் இப்படியொரு சேர்வர் இருந்தால், நாளைக்கே நாள்வாரி வரவைத் திறந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்திருந்தால், அனுப்பிய கடிதங்களையும் ஒருமுறை திரும்ப வாசியுங்கள்.

அந்தத் தாயிடம் அதிபரும் நானும் நேரில் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர், அவன்ட பேர் சரியாகினாப் போதும்" என்றார். மாற்றினோம்.