வாள் வளைவு சரி... சேப்பல் யாருக்குச் சொந்தம்? அமெரிக்கக் கடற்படைக் கல்யாணங்களில் இத்தனை விதிகள் ஏன்?

வெள்ளைச் சீருடையில் எதிரெதிரே நிற்கும் அதிகாரிகள், உயர்த்திப் பிடித்த வாள்கள், அதற்கு அடியில் குனிந்து சிரித்தபடி நடந்து வரும் புதுமண ஜோடி. மே, ஜூன் மாதம் வந்தாலே இந்த மாதிரி வீடியோக்கள் மொபைலில் வலம் வர ஆரம்பித்துவிடும். பார்க்க அழகாக இருக்கும் இந்தக் கல்யாணத்துக்குப் பின்னால், 'ராணுவத்தின் சேப்பலில் யார் கல்யாணம் செய்யலாம், யார் நடத்தி வைக்கணும்' என்ற பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

மே மாதத்தில் ஏன் இத்தனை கல்யாணம்?

மேரிலாந்து மாநிலம் அனாபொலிஸில் இருக்கிறது அமெரிக்கக் கடற்படை அகாடமி. இங்கு நான்கு வருடம் படிக்கும் மாணவர்கள் படிப்பு முடியும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. மே மாதக் கடைசியில் பட்டம் வாங்கி, அதிகாரியாகப் பதவியேற்ற பிறகுதான் அனுமதி. அதனால் பட்டமளிப்பு முடிந்ததும் அகாடமி சேப்பலில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும்.

1904-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1908-ல் திறக்கப்பட்ட சேப்பல் இது. 1940-ல் விரிவாக்கப்பட்டது. சுமார் 2,500 பேர் உட்காரலாம். அமெரிக்கக் கடற்படையின் ஆரம்பகால வீரர் ஜான் பால் ஜோன்ஸின் கல்லறையும் இதன் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. ஆசைப்பட்ட எல்லோரும் போய் இங்கே தேதி வாங்கிவிட முடியாது. அகாடமியோடு தொடர்புள்ளவர்களுக்குத்தான் இடம்.

வாள் வளைவில் என்ன நடக்கும்?

கல்யாணம் முடிந்து ஜோடி வெளியே வரும்போது, பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு அதிகாரிகள் இரண்டு வரிசையாக நின்று வாள்களை உயர்த்துவார்கள். இவர்கள் பெரும்பாலும் மணமக்களின் நண்பர்கள்தான். கடைசி இரண்டு பேர் மட்டும் வாளைத் தாழ்த்தி வழியை மறிப்பார்கள். ஜோடி முத்தமிட்டால்தான் வழி கிடைக்கும். கடந்து போகும்போது மணமகளின் பின்பக்கம் வாளால் லேசாக ஒரு தட்டு தட்டி, 'கடற்படைக்கு நல்வரவு' என்பார்கள். வரவேற்பில் கேக் வெட்டுவதும் வாளால்தான்.

மணமகளே அதிகாரியாக இருந்தால் அந்தத் தட்டு கிடையாது. அனாபொலிஸில் பெண்கள் சேர்ந்தது 1976-ல்தான், முதல் பெண்கள் பட்டம் பெற்றது 1980-ல். அதுவரை மணமகள் என்றாலே வெளியிலிருந்து வருபவர். இன்று அவரே வாள் பிடிக்கும் அதிகாரியாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம், இது மதச் சடங்கு இல்லை. பெரும்பாலும் சேப்பலுக்கு வெளியே நடக்கும் படை வழக்கம். எந்த மதத்து ஜோடியும் செய்யலாம்.

அப்போ சண்டை எங்கே வந்தது?

சேப்பலுக்குள்ளேதான். கடற்படை சேப்பல் எந்தத் திருச்சபைக்கும் சொந்தமில்லை. அது அரசுக் கட்டடம். அனாபொலிஸின் பெரிய சேப்பலில் கத்தோலிக்கத் திருப்பலியும் நடக்கும், புராட்டஸ்டன்ட் ஆராதனையும் நடக்கும். யூத மாணவர்களுக்கு 2005-ல் தனி சேப்பல் வந்தது. முன்பெல்லாம் மாணவர்கள் ஞாயிறு வழிபாட்டுக்குக் கட்டாயம் போகணும். அது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1972-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த விதி போனது.

ஆனால் உள்ளே கல்யாணத்தை நடத்தி வைக்கும் படை மதகுரு அப்படியில்லை. அவர் கடற்படை அதிகாரி, அதேசமயம் ஒரு திருச்சபையின் அங்கீகாரம் பெற்றவர். திருச்சபை அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றால் படையில் மதகுருவாகத் தொடர முடியாது. அதாவது சம்பளம் தருவது அரசு, ஆனால் எந்தச் சடங்கைச் செய்யலாம் என்று சொல்வது திருச்சபை.

2011-ல் என்ன ஆனது?

தன்பாலின ஈர்ப்பாளர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிப் படையில் இருக்க முடியாது என்ற சட்டத்தை நீக்க 2010 டிசம்பரில் முடிவானது. அடுத்த ஏப்ரலில், 'மாநிலச் சட்டம் அனுமதித்தால் தன்பாலினத் திருமணத்துக்கும் சேப்பலைப் பயன்படுத்தலாம்' என்று கடற்படையின் தலைமை மதகுரு சுற்றறிக்கை விட்டார். 60-க்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுத, ஒரே மாதத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

பிறகு செப்டம்பர் 20-ல் பழைய தடை முழுமையாக நீங்கியது. பத்தே நாளில் பென்டகன் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. ஒன்று, கட்டடத்தைக் கொடுப்பதில் பாகுபாடு கூடாது. இரண்டு, மதகுரு விரும்பினால் நடத்தலாம், மனசாட்சி இடம் தராவிட்டால் கட்டாயமில்லை. இரண்டாவது விஷயத்தை 2013 ஜனவரியில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டமும் உறுதிசெய்தது.

இப்போ நிலைமை என்ன?

2015-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதை மறுபடி விசாரிக்கக் கோரிய மனுவை 2025 நவம்பரில் ஏற்க மறுத்துவிட்டது. எனவே சேப்பல் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே நின்று நடத்தி வைக்க மதகுரு கிடைப்பாரா என்பது வேறு கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபையும் தெற்கு பாப்டிஸ்ட் சபையும் தங்கள் படை மதகுருக்களுக்கு இதற்கு அனுமதி தருவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஜோடி வேறு மதகுருவைத் தேடணும், இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வரணும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கடற்படைக் கல்யாணத்தில் மூன்று தரப்புக்குப் பங்கு உண்டு. கட்டடம் அரசுடையது, அதை மறுக்க முடியாது. பிரார்த்தனை திருச்சபையுடையது, அதைக் கட்டாயப்படுத்த முடியாது. வாள் நண்பர்களுடையது, அதற்கு அன்பாக ஒரு வார்த்தை கேட்டாலே போதும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் 2011-ல் அவ்வளவு குழப்பம். தனித்தனியாகப் பிரித்த பிறகு, இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லாவிட்டாலும், யாருடைய உரிமையும் பறிபோகாத ஒரு வழி கிடைத்திருக்கிறது.