குரல் கம்மினால் அலட்சியம் கூடாது

குழந்தைக்குத் தொண்டை கம்மினால் சளி என்பார்கள். மூச்சு இரைத்தால் ஆஸ்துமா என்பார்கள். பெங்களூர்க் குளிரின் மீதும் தூசியின் மீதும் பழி விழும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், வாரக்கணக்கில் குரல் தெளியாத குழந்தைகளில் ஒரு சிலருக்குக் குரல்வளையில் மருவைப் போன்ற கட்டிகள் முளைத்திருக்கக்கூடும். அபூர்வமான நோய், புற்றுநோய் அல்ல. ஆயினும், மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

எச்.பி.வி. எனப்படும் வைரஸின் 6, 11 ஆகிய வகைகளே இதற்குக் காரணம். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுகிறது. இதில் தாயின் குற்றம் ஏதுமில்லை. அவருக்கே தெரியாமல் உடலில் இருப்பது அது. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது சத்தம் வரும். இந்த நோயில் முதலில் குரல் மாறும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போதே சத்தம் வரும். இந்த வேற்றுமையைப் பெற்றோர் டாக்டரிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.

மயக்கமருந்து கொடுத்து, மைக்ராஸ்கோப் உதவியுடன் வாய் வழியாகவே லேசராலோ நுண்கருவியாலோ கட்டியை அகற்றுகிறார்கள். கழுத்தில் கத்தி படுவதில்லை. விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசின் காது, மூக்கு, தொண்டை மருத்துவ நிலையம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளியின் பிள்ளைகளுக்கும் சிகிச்சை உரிமை உண்டு, ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை அணுகலாம்.

சங்கடம் என்னவென்றால், கட்டி மீண்டும் முளைக்கும். சில குழந்தைகளுக்குப் பலமுறை ஆபரேஷன் தேவைப்படுகிறது. ஒருமுறை குரல் திரும்பியதும் குணமாகிவிட்டது என்று நின்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஒருநாள் கூலி போகிறதே, லீவு இல்லையே என்ற கவலை நியாயமானது. ஆகவே முதலாளிகள் விடுப்பு தர மறுக்கக்கூடாது. ஆஸ்பத்திரிகள் அடுத்த தேதியை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதற்காக எந்தக் குழந்தையின் சிகிச்சையும் தள்ளிப்போகக்கூடாது.

வருமுன் காக்கவும் வழியுண்டு. ஆஸ்திரேலியா 2007இல் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் அங்கே குழந்தைகளிடம் இந்நோய் வெகுவாகக் குறைந்தது. 2022இல் அனுமதி பெற்ற இந்தியத் தயாரிப்புத் தடுப்பூசியும் இவ்விரு வகைகளைத் தடுக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கென்று மகளுக்குப் போடும் ஊசி, நாளை அவள் பெறும் பிள்ளையின் மூச்சையும் காக்கும்.