வண்டியில் கரண்ட் இருக்கிறது, எதில் செருகுவது?



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் மின்சார பிக்கப் வண்டி வாங்குகிறார்கள். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் அந்நாட்டு வீடுகளில் உள்ளது போலவே 120 வோல்ட் பிளக் பாயிண்டுகள் உண்டு. உயர் ரகத்தில் மொத்தம் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம். அப்படிப்பட்ட வண்டியிலும் டயருக்குக் காற்றடிக்கும் பம்பைச் செருகினால் ஃப்யூஸ் போகலாம். வண்டியைத் திட்டிப் பயனில்லை, செருகும் இடம்தான் காரணம்.

பழைய சிகரெட் லைட்டர் துளை 12 வோல்ட். பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், அதிகபட்சம் 180 வாட். பெரிய டயருக்கான பம்புகள் 20, 30 ஆம்பியர் கேட்கும். அதனால்தான் அவற்றுக்கு பேட்டரியில் மாட்டும் கிளிப் தருகிறார்கள். ஃப்யூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃப்யூஸ் போடும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. அது வயரை எரித்துவிடும்.

120 வோல்ட் பம்பையே வாங்குங்கள் என்பேன். சார்ஜ் இறங்கிவிடும் என்ற பயம் வீண். 300 வாட் பம்ப் பத்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் செலவு. லைட்னிங்கின் சிறிய பேட்டரியே 98 யூனிட். 1500 வாட் ஹீட்டரை இரவு 8 மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். அதற்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் எத்தனை வாட் என்று பெரிய எழுத்தில் போட்டால் என்ன? ரோட்டோரத்தில், இருட்டில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டில் பக்கம் தேட முடியுமா?