பெட்டிக்குள் போன புஸ்தகம்

தேவதானம் எங்கே இருக்கிறது என்று உங்களில் பலர் கேட்பீர்கள். ராஜபாளையத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், நச்சாடை தவிர்த்த சுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊர். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். போன இடத்தில் என்னைப் பஞ்சாயத்துக்கு உட்கார்த்திவிட்டார்கள்!

வழக்கு இதுதான். உறவுக்காரப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்னையிலோ கும்பகோணத்திலோ அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசை. முகம் எழுதினால் அச்சாக இருக்கிறது. கையும் காலும்தான் வரவில்லை. அவள் படங்களில் பெண்கள் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதம் மறையும்படி புல்லில்தான் நிற்கிறார்கள்! குறை அவளுக்கே தெரிந்து, சேர்த்துவைத்த காசில் உடற்கூறு பற்றிய சித்திரப் புஸ்தகம் ஒன்றைத் தருவித்தாள். பார்சலைப் பிரித்தது பாட்டி. அன்றைக்கே புஸ்தகம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

"நீயே சொல்லு தாயி, வயசுப் பிள்ளை பார்க்கிற படமா இது?" என்றார் பாட்டி.

சகோதரிகளே, நான் பாட்டியைக் கேலி செய்யமாட்டேன். துணியில்லாத உருவங்கள் அதில் இருப்பது வாஸ்தவம். ஆனால் புடவைக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று அறியாதவள் புடவையின் மடிப்பை எப்படி எழுதுவாள்? தோளும் இடுப்பும் முழங்காலும் ஏந்திப் பிடிப்பதால்தானே மடிப்பு விழுகிறது? அவள் சேர நினைக்கும் சென்னைக் கலைப் பள்ளியை 1850-ல் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டரே ஓர் அறுவை வைத்தியர்தான். எலும்புக்கும் சித்திரத்துக்கும் அப்போதே சம்பந்தம் ஆகிவிட்டது.

ஆனால் எந்தப் புஸ்தகம் என்பதில் பலர் ஏமாந்து போகிறார்கள். பெயர் பெற்றது என்று 'கிரே'யின் உடற்கூற்று நூலை வாங்கிவிடுகிறார்கள். 1858-ல் வந்த அந்த நூலின் படங்களை எழுதிய கார்ட்டர், பிறகு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னவர். படங்கள் அருமைதான். ஆனாலும் அது டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிறீன் முயற்சியால் 1872-ல் தமிழிலேயே வந்த 'மனுஷ அங்காதிபாத'மும் அப்படித்தான். படம் எழுதுகிறவளுக்குக் கல்லீரல் எதற்கு? தோலுக்கடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிற எலும்பும் தசையும் போதும்.

சித்திரக்காரர்களுக்கென்றே எழுதியவர்களில் பிரிட்ஜ்மன் (1920) மார்பை ஒரு கட்டை, இடுப்பை ஒரு கட்டை என்று செதுக்கிக் காட்டி, இரண்டும் எப்படித் திரும்புகின்றன என்பார். விஷயம் பெரியது, கோடுகள் கரடுமுரடு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள். லூமிஸ் (1943) கைபிடித்து அழைத்துப் போகிறவர். ஆனால் அவருடைய லட்சிய உருவம் எட்டுத் தலை உயரம்! நம் வீட்டுப் பெண்கள் ஏழு, ஏழரைத் தலைதான். அளவை அப்படியே பின்பற்றினால் அத்தை சினிமா நட்சத்திரமாகிவிடுவாள். சந்தேகம் வரும்போதெல்லாம் புரட்டிப் பார்க்க, எலும்பு, தசை என்று வரிசையாகக் காட்டும் பெக் (1951) நல்லது. பெட்டிக்குள் சிறையிருந்தவர் அவர்தான். என்னைக் கேட்டால், முதலில் லூமிஸ், பக்கத்துணைக்குப் பெக். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள், வாங்குவதற்கு முன் அங்கே கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் ஆளுயரத்துக்கு நிற்கிற நாயக்கர் காலத்துக் கர்ணனையும் அர்ஜுனனையும் பார்த்து எழுதச் சொன்னேன். விரலும் நகமும் முழங்காலும் நின்று காட்டும். நகராது, கூலி கேட்காது. ஒன்று மட்டும் கவனம். நம் சிற்பிகளின் கணக்கு தெய்வங்களுக்கானது. உத்தம தசதாளம் என்றால் முழு உயரம் 124 பங்கு. அந்த அளவு பக்கத்து வீட்டு மாமிக்குப் பொருந்தாது.

பெட்டிச் சாவி பாட்டியின் இடுப்பில் இருந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, பாட்டி வெற்றிலை இடிக்கும்போது அந்தக் கையை எழுதும்படி பெண்ணிடம் சொன்னேன். வயதான கையில் எலும்பும் நரம்பும் தாமே பாடம் நடத்தும். மூன்று நாள் எழுதினாள். மூன்றும் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி இருந்தன.

நாலாம் நாள் பாட்டி எட்டிப் பார்த்தார். "என் விரல் இம்புட்டுக் கோணலா? அந்தப் புஸ்தகத்திலே கைக்குப் படம் இருக்கோ?" என்றார். இருக்கிறது என்றாள் பேத்தி. சாவி வெளியே வந்தது.

இப்போது புஸ்தகம் அலமாரியில் இருக்கிறதாம். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் மட்டும் மறுபடி பெட்டிக்குப் போகிறது.